இம்பெல்லர் எங்கே போயிற்று?

(கோவையில் இயந்திர வடிவமைப்பாளர்களும் பாலிடெக்னிக் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திரையில் இருப்பது ஒரு மோனோபிளாக் பம்ப். இந்த ஊரில் இதற்கு அறிமுகம் வேண்டியதில்லை. கேசிங் இருக்கிறது, ஷாஃப்ட் இருக்கிறது, மெக்கானிக்கல் சீல் இருக்கிறது, பின்னால் மோட்டாரும் இருக்கிறது. இம்பெல்லரைத்தான் காணோம். சாயங்காலம் கம்ப்யூட்டரை அணைக்கும்போது இருந்தது. காலையில் வந்து திறந்தால் இல்லை. டிசைன் வேலை பார்க்கிற யாருக்கும் இது புதிதல்ல. முதலில் வயிற்றைக் கலக்கும். அடுத்து, யாராவது டெலிட் செய்துவிட்டார்களோ என்று சந்தேகம் வரும். அதற்கடுத்து, பக்கத்து சீட்டுக்காரர் மேல் பழி விழும். பாவம், பெரும்பாலும் அவர் ஒன்றும் செய்திருக்க மாட்டார்.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். ஒரு பார்ட்டைக் காணவில்லை என்று மென்பொருள் வாய் திறந்து சொன்னால் நீங்கள் தப்பித்தீர்கள். அது ஒன்றும் சொல்லாமல் வேறொரு பார்ட்டைக் கொண்டுவந்து அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டதென்றால், அப்போது பயப்படுங்கள். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

அசெம்பிளி ஃபைல் என்றால் என்ன என்பதில் பலருக்குத் தெளிவு இல்லை. பம்பின் அசெம்பிளி ஃபைலைத் திறந்தால் முழுப் பம்பும் தெரிகிறது. அதனால் பம்ப் அந்த ஃபைலுக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்குள் இம்பெல்லர் எப்போதும் இருந்ததில்லை. அசெம்பிளி ஃபைல் ரேஷன் கார்டு மாதிரி. குடும்பத்தில் யார் யார், எந்த வீடு என்பதெல்லாம் கார்டில் இருக்கும். ஆட்கள் கார்டுக்குள் இருக்க மாட்டார்கள். அசெம்பிளி ஃபைல் வைத்திருப்பது பார்ட் ஃபைலின் பெயர், கடைசியாக அது இருந்த ஃபோல்டர், எந்தக் கான்ஃபிகரேஷன், எந்த இடத்தில் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும், எந்த முகம் எந்த முகத்தோடு மேட் ஆகியிருக்கிறது, இவ்வளவுதான். பார்த்துக்கொள்வதற்கு ஒரு படமும் கூட இருக்கலாம். இம்பெல்லரின் வளைவும் கண்ணும் வேனும் எல்லாம் இம்பெல்லர் ஃபைலில்தான் இருக்கின்றன.

ஏன் இப்படி வைத்தார்கள்? எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுத் தொலைத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லையே என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டதுண்டு. நல்ல கேள்வி. இதற்கான பதில் 1963-இல் இருக்கிறது. அந்த ஆண்டு எம்ஐடியில் ஐவன் சதர்லாண்ட் என்ற இளைஞர் தம் முனைவர் பட்ட ஆய்வாக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலைச் சமர்ப்பித்தார். டிஎக்ஸ்-2 என்ற கம்ப்யூட்டரின் திரையில் ஒளிப்பேனாவால் தொட்டுக் கோடு வரைய வைத்த நிரல் அது. அதில் அவர் செய்த ஒரு ஏற்பாடு: மூலப்படம் ஒன்றுதான், அதைத் திரையில் எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் வைக்கலாம், மூலத்தை மாற்றினால் வைத்த இடமெல்லாம் தானாக மாறும். நாம் இன்று ஒரே போல்ட்டை 16 இடத்தில் போட்டு, ஒரு இடத்தில் நீளத்தை மாற்றியதும் 16-ம் மாறுகிறதே, அது அங்கிருந்து வந்ததுதான். அதே இம்பெல்லரை 3 பம்ப் மாடலிலும் 2 டெஸ்ட் ரிக்கிலும் பயன்படுத்தலாம். டிராயிங்கும் அதே ஃபைலைப் பார்த்து வரையப்படும். திருத்தம் ஒரே இடத்தில். இந்த வசதிக்குக் கொடுக்கிற விலைதான், விலாசம் தப்பினால் ஆள் கிடைக்காமல் போவது. என்னைக் கேட்டால், மலிவான விலை.

சரி, விலாசம் எப்படித் தப்புகிறது?

ரொம்ப எளிய வழி மெயில். ஒரு ஜாப் ஷாப்பிலிருந்து போன் வருகிறது: "சார், அசெம்பிளிய அனுப்புங்க, ஃபிக்சர் போடணும்." இங்கிருப்பவர் அசெம்பிளி ஃபைலை மட்டும் இணைத்து அனுப்பிவிடுகிறார். 2 எம்பி. சீக்கிரம் போய்விடுகிறது, அவருக்கும் திருப்தி. அங்கே திறக்கிறவருக்கு வெறும் ட்ரீ, வரிசையாகப் பெயர்கள், நடுவில் காலியான திரை. இதில் கோளாறு எதுவும் இல்லை. கார்டை அனுப்பிவிட்டுக் குடும்பத்தை இங்கேயே வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது வழி இதைவிடப் பரவலானது. விண்டோஸில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, "பார்ட்1" என்று கிடக்கும் ஃபைலுக்கு "இம்பெல்லர்" என்று பெயர் மாற்றுகிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் அசெம்பிளிக்கு யார் சொன்னார்கள்? அது இன்னும் பார்ட்1-ஐத்தான் தேடும். ஃபோல்டரை இழுத்து வேறு இடத்தில் போடுவதும் இதே கதை. சர்வரில் இருக்கும் ஃபோல்டர் என் மெஷினில் இசட் டிரைவ் என்றும் உங்கள் மெஷினில் ஒய் டிரைவ் என்றும் மேப் ஆகியிருந்தால் அதுவும் வம்பு. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக, "நியூ ஃபோல்டர்", "ஃபைனல்", "ஃபைனல் கரெக்டட்", "ஃபைனல் கரெக்டட் லேட்டஸ்ட்" என்று போய்க்கொண்டே இருந்தால், விண்டோஸ் வழக்கமாக ஏற்கும் 260 எழுத்து எல்லையைப் பாதை தாண்டிவிடும். அப்புறம் ஃபைல் கண்ணெதிரே இருந்தாலும் திறக்காது. இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது ஒன்ட்ரைவ். இடம் மிச்சம் பிடிக்க அது ஃபைலின் பெயரை மட்டும் நம் மெஷினில் காட்டிவிட்டு உடலை மேகத்தில் வைத்திருக்கும். இணையம் இருக்கும்வரை கேட்டதும் இறக்கிக் கொடுக்கும். மின்சாரம் போய் ரவுட்டர் அணைந்த நேரத்தில் அசெம்பிளியைத் திறந்து பாருங்கள், தெரியும். ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் மேகப் படம் இருந்தால் அது இங்கே இல்லை என்று அர்த்தம். புராஜெக்ட் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து, எப்போதும் இந்த மெஷினில் வைத்திரு என்று சொல்லிவிடுங்கள், அதோடு முடிந்தது.

இனி திரைக்கு வருவோம். இம்பெல்லர் தெரியவில்லை. உடனே தேடக் கிளம்பாதீர்கள். தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும் வேறு வேறு. இடது பக்கம் ட்ரீயைப் பாருங்கள். நோய் என்ன என்பதை ட்ரீ சொல்லிவிடும். நான் சாலிட்வொர்க்ஸை வைத்துப் பேசுகிறேன், நம் பட்டறைகளில் அதுதான் அதிகம் புழங்குகிறது. மற்றவற்றைப் பின்னால் தொடுகிறேன்.

ட்ரீயில் பெயரே இல்லை என்றால், யாரோ உண்மையிலேயே நீக்கியிருக்கிறார்கள், அல்லது நீங்கள் திறந்திருப்பது வேறு அசெம்பிளி. பெயர் இருக்கிறது, ஐகான் வெளிறி நிற்கிறது என்றால் அது ஹைட் செய்யப்பட்டிருக்கிறது. ரைட் கிளிக் செய்து ஷோ கொடுத்தால் வந்துவிடும். டிஸ்ப்ளே ஸ்டேட்டை மாற்றியதால்கூட அப்படி ஆகும். ஐகான் மேல் ஒரு சின்ன இறகு தெரிந்தால் லைட்வெயிட். பார்ட் வந்திருக்கிறது, முழு விவரம்தான் ஏறவில்லை. இதற்கெல்லாம் கவலையே வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் செக்‌ஷன் வியூ போட்டுவிட்டு மறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அல்லது ஜூம் டு ஃபிட் கொடுங்கள்; பம்ப் திடீரென்று புள்ளியாகச் சுருங்கினால், மேட் எதுவும் இல்லாத இம்பெல்லர் எங்கோ 1 கிலோமீட்டர் தள்ளி மிதந்துகொண்டிருக்கிறது.

பெயரும் ஐகானும் முழுக்கச் சாம்பல் நிறமாக இருந்தால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும். அது சப்ரஸ். மென்பொருள் அந்த ஃபைலை ஏற்றவே இல்லை. அதன் மேட்டுகளும் சேர்ந்து தூங்குகின்றன. டிசைனர் வேண்டுமென்றே சப்ரஸ் செய்திருக்கலாம். 2 எச்பி கான்ஃபிகரேஷனில் ஒரு இம்பெல்லர், 3 எச்பி கான்ஃபிகரேஷனில் வேறொன்று என்று வைத்து, ஒன்று விழித்திருக்கும்போது மற்றது தூங்கும்படி செய்வது நல்ல முறைதான். அதனால் முதலில் எந்தக் கான்ஃபிகரேஷனில் இருக்கிறோம் என்று பாருங்கள். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிதான் வில்லங்கம். ஃபைல் கிடைக்காதபோது சாலிட்வொர்க்ஸ் ஒரு கட்டத்தைக் காட்டிக் கேட்கும்: இந்த ஃபைலைக் காணவில்லை, நீங்களே தேடித் தருகிறீர்களா, இல்லை இதை சப்ரஸ் செய்துவிடட்டுமா? 40 பார்ட் காணவில்லை என்றால் எல்லாவற்றையும் மொத்தமாக சப்ரஸ் செய்ய ஒரு வழியும் கொடுக்கும். அவசரம். மேனேஜர் பின்னால் நிற்கிறார். மொத்தமாக சப்ரஸ் செய்கிறோம். ஏதோ ஒரு பம்ப் திறக்கிறது. வந்த வேலையை முடித்துவிட்டு கண்ட்ரோல் எஸ். இந்த கண்ட்ரோல் எஸ்தான் குற்றம் நடந்த நேரம். சப்ரஸ் ஆன பார்ட்டை மென்பொருள் அடுத்த முறை தேடாது. தேடாததால் காணவில்லை என்றும் சொல்லாது. நாளைக்கு இதைத் திறக்கிறவருக்கு எந்த எச்சரிக்கையும் வராது. சாம்பல் நிறப் பெயரைப் பார்த்து, டிசைனர் ஏதோ காரணத்தோடு அணைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார். தொலைந்துபோன பார்ட்டும் வேண்டுமென்றே அணைத்த பார்ட்டும் ட்ரீயில் ஒரே முகத்தோடு நிற்கும். அதோடு பி.ஓ.எம். என்ற உதிரிபாகப் பட்டியலிலிருந்தும் அது இறங்கிவிடும். பர்ச்சேஸ் பிரிவு பட்டியலைப் பார்த்துத்தானே ஆர்டர் போடுகிறது?

அதனால் அந்தக் கட்டம் வந்தால், திறந்து பார்க்க வேண்டுமானால் திறந்து பாருங்கள். சேவ் செய்யாமல் மூடுங்கள். காயம் பட்ட இடத்தை அழுத்தாமல் இருந்தாலே பாதி வைத்தியம்.

பிறகு எங்கே தேடுவது? ஃபைல் மெனுவில் ஃபைண்ட் ரெஃபரன்சஸ் என்று ஒன்று இருக்கிறது. இப்போது திரையில் திறக்கிறேன். பாருங்கள், ஒவ்வொரு பார்ட்டுக்கும் நேராக அதன் முழுப் பாதை. கேசிங்கும் ஷாஃப்டும் சர்வரில் பம்ப் ஃபோல்டரில் இருக்கின்றன. இம்பெல்லர்? இ டிரைவ். இந்த மெஷினில் இ டிரைவே கிடையாது. ஆக, இம்பெல்லரை வரைந்தவர் அதைத் தம் பென் டிரைவில் வைத்தே சேவ் செய்து, அங்கிருந்தே அசெம்பிளியில் சேர்த்திருக்கிறார். மாலையில் பென் டிரைவைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டார். யாரும் எதையும் டெலிட் செய்யவில்லை. ஒரு போன் செய்தால் இம்பெல்லர் திரும்பி வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க 1 நிமிடம்கூட ஆகவில்லை.

இதோடு நின்றால் நான் இவ்வளவு தூரம் வந்து பேசியிருக்க வேண்டாம்.

பாதையில் ஃபைல் இல்லை என்றதும் மென்பொருள் கையை விரித்துவிடுவதில்லை. பாதையைப் பார்ப்பதற்கு முன்பே அது வேறு இடங்களில் தேடிவிடுகிறது. முதலில் கம்ப்யூட்டரின் நினைவகத்தைப் பார்க்கும்: இதே பெயரில் ஏற்கெனவே ஏதாவது திறந்திருக்கிறதா? அப்புறம், செட்டிங்கில் நாம் தேடு என்று குறித்துக் கொடுத்த ஃபோல்டர்கள். அப்புறம், கடைசியாக ஃபைல் திறந்த ஃபோல்டர். இதையெல்லாம் தாண்டித்தான் அசெம்பிளியில் எழுதி வைத்த பழைய பாதைக்கு வரும். அங்கும் இல்லையென்றால்தான் நம்மைக் கேட்கும். இந்த வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அது பெயரை வைத்துத்தான் தேடுகிறது.

நம்மிடம் எத்தனை "பேஸ் பிளேட்" இருக்கிறது? ஒவ்வொரு புராஜெக்டிலும் ஒன்று. எத்தனை "கவர்"? எத்தனை "பிராக்கெட்"? எத்தனை "பார்ட்1"? பழைய ஆர்டரின் பேஸ் பிளேட்டைப் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறீர்கள். அதை மூடாமல் புதிய ஆர்டரின் அசெம்பிளியைத் திறக்கிறீர்கள். அசெம்பிளி பேஸ் பிளேட் எங்கே என்று கேட்கிறது. நினைவகத்தில் ஒரு பேஸ் பிளேட் இருக்கிறதே, இந்தா! நியாயமாக ஒரு எச்சரிக்கை வர வேண்டும், வரும். ஃபைலுக்குப் பெயர் போக உள்ளே ஓர் அடையாள எண்ணும் உண்டு. அது பொருந்தாவிட்டால் சொல்லும். ஆனால் அந்த எச்சரிக்கையின் கீழே, இனிமேல் இதைக் காட்டாதே என்று ஒரு சின்னச் சதுரம் இருக்கிறதே, அதை நாம் என்றோ டிக் செய்திருப்போம். சிஸ்டம் ஆப்ஷன்ஸில் செய்திகள் என்ற பக்கத்தில் நீங்கள் வாய் மூடச் சொன்ன எச்சரிக்கைகளெல்லாம் பட்டியலாக இருக்கின்றன. இன்று ஆபீஸுக்குப் போனதும் அந்தப் பட்டியலைப் பார்த்து, எல்லாவற்றையும் மறுபடி பேச விடுங்கள்.

இந்தத் தப்பு எப்படி வெளியே வரும் தெரியுமா? இரண்டு பேஸ் பிளேட்டும் முற்றிலும் வேறாக இருந்தால் மேட்டெல்லாம் சிவப்பாகக் கத்தும், தெரிந்துவிடும். மேட் என்பது பார்ட்டின் குறிப்பிட்ட முகத்தை, அந்த முகத்தின் உள் அடையாளத்தை வைத்துப் பிடித்திருப்பது. அதனால்தான் தொலைந்த பார்ட்டுக்குப் பதிலாக அதே அளவில் புதிதாக ஒன்று வரைந்து அதே பெயரில் வைத்தாலும் மேட்டுகள் பிடிப்பதில்லை. பார்வைக்கு இரட்டைப் பிள்ளை, உள்ளே வேறு ஆள். ஆபத்து எப்போது என்றால், புதிய ஆர்டரின் பேஸ் பிளேட்டே பழையதைக் காப்பி எடுத்து உருவாக்கியதாக இருக்கும்போது. நாம் எல்லாரும் அப்படித்தானே செய்கிறோம்? போன வருட ஃபோல்டரைக் காப்பி அடித்து, ஃபோல்டர் பெயரை மட்டும் மாற்றி, நாலு டைமன்ஷனைத் திருத்தினால் புதிய ஆர்டர் தயார். அப்போது முகங்களின் அடையாளமெல்லாம் ஒன்றே. மேட்டெல்லாம் பச்சை. எந்தச் சத்தமும் இல்லை. துளைகளின் இடைவெளி மட்டும் 120-க்குப் பதில் 110.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். புதிய ஃபோல்டரில் அசெம்பிளி இருக்கிறது. அதிலுள்ள ஒரு பார்ட் மட்டும் இன்னும் பழைய ஃபோல்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. புதிய வாடிக்கையாளருக்காக அதில் ஒரு துளை சேர்க்கிறீர்கள். பழைய வாடிக்கையாளரின் டிராயிங்கிலும் அந்தத் துளை முளைத்துவிடுகிறது. 6 மாதம் கழித்து அவர் ரிப்பீட் ஆர்டர் கொடுக்கும்போதுதான் விஷயம் வெளிவரும். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் இப்படி ஒரு லாட் முழுவதும் தேவையில்லாத துளையோடு போய், அப்படியே திரும்பி வந்தது. இதில் காணாமல் போன பார்ட் ஒன்றுகூட இல்லை. எல்லாப் பார்ட்டும் கிடைத்தது, அதுதான் சங்கடம்.

கிடைத்தது போலத் தோன்றி உண்மையில் குறையாகக் கிடைத்ததற்கு உலகறிந்த உதாரணம் ஏர்பஸ் ஏ380. இரண்டு அடுக்கு விமானம். அதன் உடலுக்குள் சுமார் 530 கிலோமீட்டர் ஒயர் ஓடுகிறது. ஜெர்மனியில் ஹாம்பர்கில் ஒயரிங் வடிவமைத்தவர்கள் கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் 4-ஆம் பதிப்பில் வேலை பார்த்தார்கள். பிரான்சில் துலூஸில் இருந்தவர்கள் 5-ஆம் பதிப்புக்குப் போய்விட்டார்கள். பெயரில் ஒன்றின் அடுத்த பதிப்பு; உள்ளுக்குள் அடியோடு மாற்றி எழுதிய மென்பொருள். இங்கிருந்து அங்கே போகும்போது எல்லாத் தகவலும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. ஹாம்பர்கில் கட்டிய ஒயர்க் கட்டுகளைத் துலூஸில் விமானத்துக்குள் இழுத்துப் போட்டபோது பல இடங்களில் நீளம் போதவில்லை. 2006 ஜூனில் விமான ஒப்படைப்பு தாமதமாகும் என்று அறிவித்த மறுநாள் ஏர்பஸின் தாய் நிறுவனத்தின் பங்கு நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. தலைமை அதிகாரிகள் பதவி விலகினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் மறுபடியும் தாமதம். முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது 2007 அக்டோபரில். இதை மென்பொருளின் கோளாறு என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு ஊர் இரண்டு பதிப்பில் வேலை செய்யட்டும் என்று ஒத்துக்கொண்டது மனிதர்கள். இதற்குப் பத்தாண்டுக்கும் மேல் முன்னால் அதே கேட்டியாவை வைத்து போயிங் 777-ஐ முழுக்கத் திரையிலேயே பொருத்திப் பார்த்து, 1994-இல் பறக்க விட்டார்கள். எல்லாரும் ஒரே முறையில், ஒரே ஒழுங்கில் வேலை பார்த்தார்கள்.

மற்ற மென்பொருள்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்வென்டரில் பார்ட் காணவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது புராஜெக்ட் ஃபைலை. எந்தப் புராஜெக்ட் ஆக்டிவாக இருக்கிறதோ அதில் சொன்ன ஃபோல்டருக்குள்தான் அது தேடும். நேற்றைய வேலையின் புராஜெக்ட் ஆக்டிவாக இருக்க, இன்றைய அசெம்பிளியைத் திறந்தால் வரிசையாக ரிசால்வ் லிங்க் கட்டம் வரும். புராஜெக்டை மாற்றிவிட்டுத் திறந்தால் ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் வந்துவிடும். ஸ்கிப் ஆல் அழுத்தியிருந்தால் ட்ரீயில் கேள்விக்குறியோடு நிற்கும். சாம்பல் நிறத்தைவிட இது எவ்வளவோ மேல், தெரியாததைத் தெரியாது என்கிறது. கேட்டியா 5-இல் ஃபைல் மெனுவில் டெஸ்க் என்று இருக்கிறது; காணாத ஃபைலெல்லாம் அங்கே சிவப்பில் தெரியும், ரைட் கிளிக் செய்து இடத்தைக் காட்டலாம். கிரியோவில் ஜன்னலை மூடினாலும் ஃபைல் நினைவகத்தில் இருந்துகொண்டே இருக்கும். அடுத்த வேலைக்குப் போகுமுன் இரேஸ் நாட் டிஸ்ப்ளேடு கொடுக்கும் பழக்கம் வேண்டும். இல்லையென்றால் நான் சொன்ன பேஸ் பிளேட் கதைதான். என்எக்ஸில் லோட் ஆப்ஷன்ஸ் பாருங்கள். அங்கே இன்னொரு விசேஷமும் உண்டு: பார்ட் வந்திருக்கும், ட்ரீயில் டிக்கும் இருக்கும், திரையில் ஒன்றும் இருக்காது. ரெஃபரன்ஸ் செட் எம்ப்டி என்று வைத்திருப்பார்கள். புதிதாக என்எக்ஸுக்கு வந்தவர்களை இது அரை நாள் அலைக்கழிக்கும்.

போல்ட் நட்டுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சாலிட்வொர்க்ஸின் டூல்பாக்ஸிலிருந்து இழுத்துப் போடுகிற போல்ட் உங்கள் புராஜெக்ட் ஃபோல்டரில் உட்காராது. சாலிட்வொர்க்ஸ் டேட்டா என்று சி டிரைவில் ஒரு ஃபோல்டர், அங்கே இருக்கும். உங்கள் ஃபோல்டரை முழுசாக ஜிப் செய்து அனுப்பினாலும் போல்ட் போகாது. அங்கே திறக்கிற மெஷினில் அவர்களுடைய டூல்பாக்ஸ் இருக்கும். அதே பெயரில் போல்ட் இருக்கும். நீங்கள் போட்ட அளவு மட்டும் அதில் உருவாகியிருக்காது. என்ன ஆகும்? எம்6 போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கேசிங்கைவிடப் பெரிய ஒரு போல்ட் குறுக்கே படுத்திருக்கும். பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனால் இதுவும் பெயரைக் கண்டு ஆளைத் தப்பாகப் பிடித்த கதைதான், என்ன, இங்கே அளவு பெரிதாகிவிட்டதால் மாட்டிக்கொண்டது. இன்வென்டரின் கன்டென்ட் சென்டர் போல்ட்டுக்கும் தனி ஃபோல்டர்தான்; அனுப்பும்போது மறந்துபோவதும் அதே மாதிரிதான்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து பேக் அண்ட் கோ. அசெம்பிளியைத் திறந்து, ஃபைல் மெனுவில் பேக் அண்ட் கோ கொடுத்தால், அது எந்தெந்த ஃபைலைப் பார்க்கிறதோ எல்லாவற்றையும் எங்கிருந்தாலும் பொறுக்கி ஒரே ஃபோல்டரில் போட்டுத் தரும். டிராயிங்கும் சேர வேண்டுமா என்று கேட்கும், டூல்பாக்ஸ் பார்ட்டும் சேர வேண்டுமா என்று கேட்கும். இரண்டுக்கும் டிக் போடுங்கள். போன வருட ஆர்டரைக் காப்பி எடுப்பதற்கும் இதையே பயன்படுத்துங்கள். பெயருக்கு முன்னால் ஆர்டர் எண்ணைச் சேர்க்கச் சொன்னால் அத்தனை ஃபைலுக்கும் சேர்த்து, அசெம்பிளியிலும் டிராயிங்கிலும் விலாசத்தை மாற்றி எழுதிவிடும். எக்ஸ்ப்ளோரரில் காப்பி பேஸ்ட் செய்வதைவிட 2 நிமிடம் கூடுதலாக ஆகும். "பேஸ் பிளேட்" என்று பெயர் வைப்பதை நிறுத்திவிட்டு, ஆர்டர் எண்ணோ பார்ட் எண்ணோ இல்லாமல் எந்த ஃபைலும் சேவ் ஆகக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால், நான் மேலே சொன்ன தவறான ஆள் கதைகளில் பெரும்பாலானவை நடக்க வழியே இல்லை. பிடிஎம், வால்ட், டீம்சென்டர் போன்ற ஃபைல் நிர்வாக ஏற்பாடுகள் வாங்க வசதி உள்ளவர்கள் வாங்கலாம். அவை ஒரு ஃபைலை யார் எங்கே நகர்த்தினாலும் உறவைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் பெயர் வைக்கும் ஒழுங்கு இல்லாத இடத்தில் பிடிஎம் வாங்கிப் போடுவது, குப்பையைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிற வேலை.

சில சமயம் பார்ட் உண்மையிலேயே தொலைந்துபோகும். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, பென் டிரைவ் துணியோடு தண்ணீரில் போய்விட்டது. அப்போதும் கை விட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளருக்கோ ஜாப் ஷாப்புக்கோ எப்போதாவது ஸ்டெப் ஃபைல் அனுப்பியிருந்தால் அதில் உருவம் இருக்கும். வரைந்த படிகள் இருக்காது, டைமன்ஷனைத் தொட்டு மாற்ற முடியாது. ஆனால் வளைவும் அளவும் அப்படியே கிடைக்கும். ஸ்டெப் எடுக்கிற நேரத்தில் சப்ரஸ் ஆகியிருந்த பார்ட் மட்டும் அதிலும் இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளருக்கு அனுப்பும் ஸ்டெப்பை ஒரு முறை நீங்களே திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கடைசியாக இங்கே வந்திருக்கும் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வகத்தில் மாணவர் வரைந்ததை அவர் வரைந்த மெஷினிலேயே திறந்து பார்த்து மதிப்பெண் போடுகிறீர்கள். அந்த மெஷினில் எல்லாம் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே வேறொருவர் மெஷினில் தன் அசெம்பிளி திறக்காமல் அவர் விழிப்பதற்கு இதுதான் காரணம். வரும் பருவத்திலிருந்து அசெம்பிளிப் பயிற்சியைப் பேக் அண்ட் கோ செய்து ஒப்படைக்கச் சொல்லுங்கள். அதை அடுத்த வரிசை மெஷினில் நீங்கள் திறந்து பாருங்கள். அங்கே ஒரு போல்ட் குறையாமல் திறந்தால் மட்டும் மதிப்பெண் போடுங்கள்.